மாற்ற நெட்கான்ஃப், கண்காணிக்க எஸ்.என்.எம்.பி.

ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். பாலிசியை (எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமை என்ற விதியை) மாற்றும்போது, நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி.யின் செட் (மதிப்பை மாற்றும் கட்டளை) வேண்டாம், மாற்றம் ஏற்கப்பட்ட பின் தவறு தெரிந்தால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி அதில் கிடையாது. சாதனங்களின் கான்ஃபிகரேஷனை (அமைப்புகளை) மாற்றுவதற்கான நெறிமுறையான நெட்கான்ஃப் (போர்ட் 830) நல்லது. மாற்றத்தைக் கேண்டிடேட்டில் (இன்னும் நடைமுறைக்கு வராத வரைவு நகலில்) எழுதி, வேலிடேட் செய்து (பிழை உண்டா என்று சரிபார்த்து), கன்ஃபர்ம்டு கமிட் (தற்காலிகமாக நடைமுறைப்படுத்தும் கட்டளை) கொடுங்கள். 600 நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகவே பழைய கான்ஃபிகரேஷன் வந்துவிடும். இணைப்பே அறுந்துபோனாலும் சாதனம் தப்பிக்கும், அதுதான் பெரிய நிம்மதி. சாதனம் இந்த வசதியைத் தருகிறதா என்று இணைப்பின் தொடக்கத்தில் அது அனுப்பும் ஹலோ செய்தியில் முதலில் பாருங்கள்.

டிராஃபிக் அளவைப் பார்க்க எஸ்.என்.எம்.பி. போதும். ஆனால் பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்டர் 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் சுமார் 34 நொடியில் உச்சத்தை எட்டி, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் கிராஃப் பொய் சொல்லும். உள்ளே வரும் பைட்டுகளை எண்ணும் 64 பிட் கவுன்டரான ifHCInOctets-ஐ எடுங்கள். எஸ்.என்.எம்.பி. வெர்ஷன் 1-இல் அது வராது, 2சி அல்லது 3 தேவை. பாதுகாப்புக்கு 3 தான் சரி.