நார்த்தூளைத் தண்ணீரில் அலசினால் மட்டும் போதாது

அலங்காரச் செடி நர்சரி தொடங்குகிறவர்களுக்கு, தேங்காய் நார்த்தூளைக் கழுவாமல் தொட்டியில் போடக்கூடாது என்பது இப்போது நன்றாகவே தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். கழுவிய பிறகும் செடி வீணாவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தண்ணீர் தெளிந்தால் உப்பு போய்விட்டது என்று நம்புவது

போன கோடையில் உடுமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். ஆந்தூரியம் கன்றுகளில் புது இலையெல்லாம் சுருண்டு, விளிம்பு காய்ந்து வந்திருந்தது.

"பூஞ்சைதானேண்ணா? ரெண்டு தடவை மருந்தடிச்சுட்டேன்."

"தூளைக் கழுவுனீங்களா?"

"தண்ணி தெளியற வரைக்கும் கழுவுனேன்ணா."

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். வடிகிற பழுப்பு நிறம் டானின் என்கிற துவர்ப்புப் பொருள். உப்புக்கு நிறமே கிடையாது. ஈசி மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால், அவர் கழுவப் பயன்படுத்திய போர்த் தண்ணீரிலேயே உப்பு அதிகம்.

சரி, நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால்? அப்போதும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் இரண்டு விதமாக இருக்கின்றன. தண்ணீரில் கரைந்து நிற்பது அலசினால் போய்விடும். தூளோடு ஒட்டிக்கொண்டிருப்பது போகாது. பிறகு நாம் உரம் கொடுக்கும்போது தூள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வேர்ப்பக்கம் விடுகிறது. பழைய இலையிலிருக்கும் கால்சியம் புது இலைக்கு நகராது. அதனால்தான் அடி இலை பச்சையாக இருக்க, குருத்து கெடுகிறது. இதற்குப் பூஞ்சை மருந்து அடித்து என்ன பயன்?

5 கிலோ நார்த்தூள் கட்டியை உதிர்த்துக் கழுவியதும், சுமார் 25 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒருநாள் ஊறவிடுங்கள். தூளோடு ஒட்டியிருப்பதைக் கால்சியம் வெளியே தள்ளும்; இதைத்தான் பஃபர் செய்வது என்கிறார்கள். எப்சம் உப்பையோ பாஸ்பேட் உரத்தையோ அதே கரைசலில் சேர்த்துவிடாதீர்கள், கால்சியம் அடியில் படிந்துவிடும். அப்புறம் வடித்து, மழைத்தண்ணீரிலோ உப்பில்லாத தண்ணீரிலோ திரும்ப அலசுங்கள். ஒரு கைப்பிடியைப் பிழிந்து மீட்டரை வையுங்கள். ஈசி 0.5 mS/cm-க்குள் வந்தால் தொட்டிக்குப் போகலாம்.

பையில் 'கழுவியது' என்று போட்டிருந்தால் அது கழுவியது மட்டும்தான். பஃபர் செய்ததா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தம்பிக்கு விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. ஒரு கொட்டகைக் கன்று போயிற்று. நாற்றுக் கடனை யார் அடைப்பது?

மேல்தூளைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது

மேலே வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள்.

மக்காத கடலைத் தொலியைக் கலப்பது

மக்கும்போது அது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். மக்க வைத்துப் போடுங்கள், இல்லையென்றால் மேலே மூடாக்காக மட்டும் பரப்புங்கள்.

முந்திரி ஓடு

வேண்டாம். அதன் எண்ணெய் நம் கையையே புண்ணாக்கிவிடும்.