சிறு அலுவலகத்தில் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்களை நிறுவும் முறை

வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்ற புகார் எழுந்தவுடன், இன்னும் சக்தி வாய்ந்த கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் பல நிறுவனங்களில் முடிவெடுக்கிறார்கள். வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவியான ஆக்சஸ் பாயின்ட் எவ்வளவு வலுவாக ஒலிபரப்பினாலும், சிறிய பேட்டரியையும் சிறிய ஆன்டெனாவையும் கொண்ட கைப்பேசியால் அதே வலுவுடன் பதில் அனுப்ப முடியாது; திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும்போதே அழைப்பு துண்டிக்கப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே ஒரே கருவியை முழுச் சக்தியில் இயக்குவதைவிட, இரண்டு மூன்று கருவிகளை ஏற்ற இடங்களில் பொருத்தி, கேபிள் வழியாக இணைத்து, அளவான சக்தியில் இயக்குவதே மேல்.

முதலில் அலுவலகத்தின் வரைபடத்தைத் தாளில் வரைந்து, ஆட்கள் அமர்ந்து வேலை செய்யும் இடங்களையும், கான்கிரீட் சுவர், இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி போன்ற தடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை உத்தேசித்த இடத்தில் தற்காலிகமாக வைத்து, ஆண்ட்ராய்ட் கைப்பேசியில் வைஃபை அளவிடும் செயலி ஒன்றைத் திறந்தபடி, கதவுகளை மூடிய நிலையில் ஒவ்வொரு மேசையாக நடந்து பாருங்கள். குரல் அழைப்பும் காணொலிக் கூட்டமும் தடையின்றி நடக்க சிக்னல் வலுவை அளக்கும் டிபிஎம் அலகில் மைனஸ் 67 அளவுக்குக் குறையாத சிக்னல் வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். மைனஸ் 75 என்று காட்டினால் அது பலவீனமான சிக்னல் என்று பொருள். கூரையில் பொருத்துவதற்கென வடிவமைக்கப்பட்ட கருவியைக் கூரையிலேயே பொருத்துங்கள். அதை அலமாரியின் மேல் நிறுத்தி வைத்தால் அலைகள் பரவும் திசையே மாறிவிடும்.

கேபிள் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒவ்வோர் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் கருவியான ஸ்விட்ச்சிலிருந்து தனியாக ஒரு கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் செல்ல வேண்டும். அதன் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிளே இல்லாமல், கருவிகளை ஒன்றோடொன்று வைஃபை வழியாகவே பேசவைக்கும் மெஷ் முறையில் இணைப்பது எளிதுதான் என்றாலும், ஒரே ரேடியோ பயனரிடமும் அடுத்த கருவியிடமும் மாறி மாறிப் பேச நேர்ந்தால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச்சை வாங்கினால் கூரையருகே பிளக் பாயின்ட் தேவைப்படாது. பிஓஇ தரங்களில், 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) 15.4 வாட் வரையிலும், 802.3ஏடி தரம் 30 வாட் வரையிலும் தரும். கருவிக்கு எது வேண்டும் என்பதோடு, எல்லாப் போர்ட்களுக்கும் சேர்த்து ஸ்விட்ச் தரக்கூடிய மொத்த வாட் அளவையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சாதாரண ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாகப் பயன்படுத்தும் இடங்களில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. இணையம் வேலை செய்யும், ஆனால் பிரின்டர் மட்டும் தென்படாது. மடிக்கணினியின் முகவரி 192.168.0 என்றும், பிரின்டரின் முகவரி 192.168.1 என்றும் தொடங்கினால், இரண்டு கருவிகள் தனித்தனியே முகவரி வழங்கிக்கொண்டிருக்கின்றன என்று அறியலாம். ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் அதன் டிஎச்சிபியை (தானாக முகவரி வழங்கும் வசதியை) அணைத்து, முதன்மை ரவுட்டரின் வரிசையில் வேறு யாருக்கும் தரப்படாத முகவரி ஒன்றை அதற்குக் கொடுத்து, கேபிளை இணைய இணைப்புக்கான வேன் போர்ட்டில் அல்லாமல், உள் நெட்வொர்க்குக்கான லேன் போர்ட்டில் செருகுங்கள்.

அடுத்தது சேனல், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் அலைவரிசையின் ஒரு பகுதி. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும் என்பதால், அருகருகே உள்ள ஆக்சஸ் பாயின்ட்கள் ஒரே சேனலில் இருந்தால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கும். வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே. சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாக இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளமாக இருப்பதால் 40 மெகாஹெர்ட்ஸ் வைக்கலாம். சக்தியை நடுத்தர அளவில் வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அதைவிடவும் குறைத்துவிடுங்கள். அடுத்த கருவிக்கு மாறுவது எப்போது என்று பெரும்பாலும் கைப்பேசியே முடிவு செய்வதால், முதல் கருவியின் சிக்னல் தேவைக்கு மேல் நீண்டால், பயனர் எதிர்மூலைக்குப் போன பிறகும் கைப்பேசி அதையே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாக் கருவிகளிலும் நெட்வொர்க் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு, வைஃபை இணைப்பை மறையாக்கும் டபிள்யூபிஏ3 முறையையும், பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறையையும் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லைத் தட்டாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைய வைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றி, கருவியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். வாடிக்கையாளர்களுக்கான வைஃபைக்குப் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் போதாது. அது தனி விலேனில் (அதே கருவிகளிலேயே பிரித்து வைக்கப்படும் தனி நெட்வொர்க்கில்) இருந்து, போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வால் விதியின்படி இணையத்துக்கு மட்டுமே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் காத்திருப்பு அறையில் அமர்ந்திருப்பவருக்கும் கணக்கு வைத்திருக்கும் கணினிக்கும் இடையே எந்தத் தடுப்பும் இருக்காது. விருந்தினர் கைப்பேசியிலிருந்து அலுவலகப் பிரின்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். அது திறக்கக் கூடாது.

இறுதியாக, அனைவரும் பணியில் இருக்கும் நேரத்தில், காணொலி அழைப்பு ஒன்றைத் தொடங்கி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, எங்கே குரல் விட்டுப்போகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். காலி அலுவலகத்தில் எடுத்த அளவுகளை மட்டும் நம்ப முடியாது, ஏனெனில் மனித உடலும் அலைகளை உறிஞ்சும். குறித்த இடங்களுக்கேற்பச் சக்தியையும் சேனலையும் திருத்திய பின், ஒவ்வொரு கருவியின் முகவரியையும் ஸ்விட்ச் போர்ட் எண்ணையும் அதே தாளில் எழுதி, அமைப்புகளின் நகலைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.