பப்பாளிக்கு பக்கத்துல எதை நடலாம், எதை நடவே கூடாது

பப்பாளி போட்டவங்களுக்கு வளையப்புள்ளி வைரஸ பத்தி சொல்லவே வேணாம், குருத்து தேமல் விழுந்து, இலை நூலாட்டம் குறுகி, காய்மேல வட்டம் வட்டமா வந்து நிக்கும். வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது, வராம பாத்துக்கறதுதான்.

இத கொண்டு வர்றது அசுவினி. அது பப்பாளியில குடியிருக்கிற பூச்சி இல்லைங்க, றெக்கை முளைச்சது எங்கிருந்தோ பறந்து வந்து ஊசி வாயால ஒரு குத்து குத்தி ருசி பாக்கும், பிடிக்கலன்னா அடுத்த மரத்துக்கு போயிடும். சில விநாடி குத்தினாலே வைரஸ் வாய் நுனியில ஒட்டிக்கும், அடுத்த குத்துல இறங்கிடும். அதனாலதான் மருந்தடிச்சும் நிக்க மாட்டேங்குது, பூச்சி சாகறதுக்குள்ள நாலு மரத்த குத்தியிருக்கும், காசுதான் தண்டம்.

ஆனா வாய் நுனியில ஒட்டினது ரொம்ப நேரம் நிக்காது, வேற ஜாதி செடியில ரெண்டு மூணு தடவ குத்தினாலே போயிடும். நம்ம பிடி அங்கதான் இருக்கு. கன்னு நடறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வயல சுத்தி ரெண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமா விதைச்சிடுங்க. கன்னு வைக்கிறப்ப சோளம் அதவிட உயரமா நிக்கணும், அப்பதான் வர்ற அசுவினி முதல்ல அதுல உக்காந்து வாய தொடச்சிக்கும், இந்த வைரஸ் சோளத்த ஒண்ணும் பண்ணாது. அது முத்தி காயறதுக்குள்ள அடுத்த விதைப்பு போட்டுடணும், வேலி ஓட்டையாயிட்டா பிரயோஜனமில்ல.

ஊடுபயிர்லதான் நான் ஏமாந்தேன். பல பயிர் கலந்தா நோய் குறையும்னு யாரோ சொன்னத கேட்டு நடுவுல பூசணி ஓட விட்டேன், பூசணி, சுரை, வெள்ளரி கூட்டத்துக்கும் இதே வைரஸ் வரும்னு அப்ப தெரியாது. தட்டைப்பயறும் வேணாம், அதுல அசுவினி அப்பிக்கிட்டு பெருகும், கூட்டம் தாங்கலன்னா றெக்கை முளைச்சு பப்பாளிக்குதான் கிளம்பும். சின்ன வெங்காயம் போடுங்க, தொல்லையில்ல.

பப்பாளி நாத்த, பூச்சி புகாத வலைக்குள்ள வளக்கணும், பழைய நோய் மரம் இருந்தா புது கன்னு வைக்கறதுக்கு முன்னாடியே வெட்டிடணும். புது தோட்டத்துல தேமல் தெரிஞ்ச கன்ன பூ வரட்டும்னு விட்டு வைக்காதீங்க, அன்னிக்கே பிடுங்குங்க. வைரஸ் மண்ணுல தங்காது, அதனால அந்த குழியிலயே வேற கன்னு வைக்கலாம். பக்கத்து தோட்டத்துல நோய் மரம் நின்னா? ஒரு டீய வாங்கி குடுத்து பேசிப் பாருங்க, வேற வழி எனக்கு கிடைக்கல.