சன்ஷேடு அடியில் ஒரு காடி

ஜன்னலுக்கு மேல் சுவரில் கறுப்பாகக் கோடு இறங்குகிறதா? பெயிண்டை மாற்றிப் பயனில்லை. சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழைநீர் விளிம்பில் சொட்டாமல், அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டே உள்ளே ஓடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகைக் காற்று மழையில் கேட்கவே வேண்டாம்.

பூச்சு வேலை நடக்கும்போதே கொத்தனாரிடம் ட்ரிப் மோல்டு கேளுங்கள். வெளிவிளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அடிப்பூச்சில் சுமார் 12 மி.மீ. அகலமும் ஆழமும் உள்ள காடி, அதாவது நீளமான பள்ளம், அவ்வளவுதான். ஓடிவரும் நீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். பக்க விளிம்புகளில் காடியைச் சுவர் வரை இழுக்காமல் இரண்டு அங்குலம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதுவே சுவருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலாகிவிடும்.

கட்டி முடித்த வீடா? கட்டரை வைத்துக் கான்கிரீட்டை அறுக்காதீர்கள், கம்பி அதிக ஆழத்தில் இருக்காது. அலுமினிய 'எல்' பட்டை ஒன்றை, ஒரு காது கீழ்நோக்கித் தொங்கும்படி விளிம்பை ஒட்டி அடியில் சீலன்ட் போட்டு ஒட்டினால் போதும்.

மேல்பக்கம் வெளிநோக்கி வாட்டம் (சரிவு) இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பூச்சு காய்ந்ததும் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். காடிக்கு உள்பக்கம் ஈரம் தெரிந்தால், கொத்தனார் கணக்கு முடிக்கும் முன்பே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.