வங்கி அதிகாரி நேர்காணல்: உங்கள் விண்ணப்பத்திலிருந்தே தொடங்குங்கள்

வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் பி.ஓ. (பயிற்சி நிலை அதிகாரி) தேர்வில் மெயின்ஸ் எனும் முதன்மைத் தேர்வைத் தாண்டியவர்கள் பலர், நேர்காணல் என்றதும் தடித்த பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நேர்காணல் குழுவின் மேசையில் இருப்பது நீங்கள் நிரப்பிய விவரங்கள்தான். பெயர், ஊர், படிப்பு, முன்பு பார்த்த வேலை ஆகியவற்றைத் தொட்டுத்தான் பேச்சு பெரும்பாலும் தொடங்கும்.

நேர்காணலுக்கு 100 மதிப்பெண். பொதுப் பிரிவினர் குறைந்தது 40 விழுக்காடும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினரும் மாற்றுத்திறனாளிகளும் 35 விழுக்காடும் எடுக்க வேண்டும். இறுதித் தரவரிசையில் மெயின்ஸுக்கு 80 விழுக்காடு, நேர்காணலுக்கு 20 விழுக்காடு என்பது கணக்கு.

படி 1: சான்றிதழ்கள்

இதை முதலில் முடியுங்கள். அலைச்சல் இதில்தான் அதிகம். தமிழக அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு பெறாத வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற வாசகத்துடன் கூடிய ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அது எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அறிவிக்கையில் பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் சில நாட்கள் ஆகலாம்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் இருக்கும். நம் ஊரில் இது சர்வசாதாரணம். ஆனால் சரிபார்ப்பு மேசையில் இருப்பவருக்கு இரண்டும் இரு வேறு பெயர்கள். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அதற்கான ஆவணத்தை இப்போதே தயார் செய்யுங்கள்.

படி 2: உங்களைப் பற்றி ஒரு தாள்

ஒரு வெள்ளைத்தாளில் ஊர், படிப்பு, பொழுதுபோக்கு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே வங்கிக்காரர் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். என் பார்வையில், தயாரிப்பின் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

நீங்கள் சிவகாசிக்காரர், இயந்திரப் பொறியியல் பட்டதாரி என்று வைத்துக்கொள்வோம். “உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைக்குக் கடன் கொடுப்பீர்களா?” என்று கேட்கிறார்கள். ‘கொடுப்பேன்’ என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பட்டாசு ஆண்டு முழுவதும் தயாராகிறது. விற்பனையோ பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான். அதுவரை பணம் சரக்காகக் கிடங்கில் முடங்கிக் கிடக்கும். ஆகவே ஆலைக்கு நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடச் செலவுகளுக்கான கடன், தேவை. திருப்பிச் செலுத்தும் காலத்தையும் அந்த விற்பனையை ஒட்டியே வைக்க வேண்டும். உரிமம், தீ விபத்துக் காப்பீடு, பேரியம் என்ற வேதிப்பொருளின் பயன்பாட்டுக்கும், மாசு குறைந்த பசுமைப் பட்டாசு அல்லாதவற்றுக்கும் 2018-இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இப்படிச் சொல்பவரைக் குழு உடனே கவனிக்கும். திருப்பூர் என்றால் பின்னலாடை ஏற்றுமதி, நாமக்கல் என்றால் கோழிப்பண்ணை. உங்கள் ஊரில் பணம் எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் முடங்குகிறது என்று கடைக்காரரிடமோ விவசாயியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“பொறியியல் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு?” என்ற கேள்வி வராமல் இருக்காது. ‘மக்களுக்குச் சேவை செய்ய’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்திருக்கும். “அச்சகம் ஒன்று இயந்திரம் வாங்கக் கடன் கேட்டால், அது எத்தனை ஆண்டு உழைக்கும், பராமரிப்புக்கு என்ன ஆகும் என்று மதிப்பிட என் படிப்பு உதவும்” என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் படிப்புக்கு ஏற்ற பதிலை இதே முறையில் தேடுங்கள்.

படி 3: வங்கி அடிப்படை

ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குத் தரும் குறுகியகாலக் கடனின் வட்டி), சி.ஆர்.ஆர். (வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க விகிதம்), கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு), முன்னுரிமைத் துறைக் கடன் (விவசாயம், சிறுதொழில் போன்றவற்றுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய கடன்) ஆகியவற்றுக்குத் தலா இரண்டு வரி விளக்கம் போதும். கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வாராக்கடன்; வைப்புத்தொகைக்குக் காப்பீடு 5 லட்சம் ரூபாய் வரை; 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை. ரெப்போ எவ்வளவு என்பதை மட்டும் நேர்காணலுக்கு முந்தைய நாள் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வாய்விட்டுப் பேசுதல்

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பயம் இருக்கும். அது நியாயமானதுதான். ஆனால் குழு எதிர்பார்ப்பது அலங்கார ஆங்கிலத்தை அல்ல. சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். படி 2-இல் எழுதிய பதில்களைச் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். மனப்பாடமாக ஒப்பிக்கும் இடம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். அந்த வரியை அடித்துவிட்டு வேறு சொற்களில் சொல்லுங்கள்.

படி 5: அன்றைய நாள்

இஸ்திரி போட்ட வெளிர்நிறச் சட்டை போதும். பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ, எது இயல்போ அது. வெளியூர் மையம் என்றால் முந்தைய நாளே போய்ச் சேருங்கள். தெரியாத கேள்விக்கு, “தெரியவில்லை, ஐயா” என்று உடனே சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் அதிலிருந்தே அடுத்த கேள்வி கிளம்பும்.