ரசிகர் விக்கியில் சான்று வைக்கும்போது செய்யும் தவறுகள்

எங்கள் பழைய தமிழ்ப் படப் பாட்டு விக்கியில் போன மாதம் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மூவரும் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள். ராத்திரி கண்விழித்துத் தொகுக்கிறார்கள். பார்க்கப் பார்க்க, பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள். எழுத்துப்பிழை, பகுப்பு மாறிப்போவது போன்றவை யார் கண்ணில் பட்டாலும் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் பக்கமே நமக்குச் சான்றாவது

என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான். எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு படத்தின் டூயட். பெண் குரல் யாருடையது என்ற தகவல் எங்கும் இல்லை. கேட்டதும் ஒரு பிரபலப் பாடகி என்று தோன்றியது. சான்றைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று அவர் பெயரைப் போட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வார இதழ், அந்தப் பாடகியைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பாட்டையும் சேர்த்தது. அடுத்த வாரமே வேறொருவர் அந்த இதழை எங்கள் பக்கத்தில் சான்றாக வைத்தார். அச்சில் வந்தாயிற்று, இனி யார் கேட்கப் போகிறார்கள்? அந்தக் கட்டுரையில் எங்கள் வாக்கியம் ஒன்று, நான் விட்ட சந்திப்பிழையோடு அப்படியே இருந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உண்மை தெரிந்தது பெங்களூர் அவென்யூ ரோட்டில். பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒருவர் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். உறையைக் கரையான் அரித்திருந்தது. தட்டின் நடு லேபிள் சுத்தமாக இருந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு: வேறொரு பெண்ணின் பெயர். வீட்டுக்கு வந்து படத்தின் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்னணிப் பாடகர்கள் வரிசையில் கடைசியாக அதே பெயர். எனக்குத் தெரிந்து அவர் பாடியதே நாலைந்து பாட்டுதான். அதில் ஒன்றை அவரிடமிருந்து பிடுங்கி, ஆயிரக்கணக்கில் பாடியவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்தை அன்றிரவே திருத்தினேன். இதழையும், அதைப் பார்த்து எழுதிய தளங்களையும் எப்படித் திருத்துவது? இன்னமும் யாராவது வந்து பழைய பெயரைப் போடுகிறார்கள், சான்றோடு.

ஆங்கில விக்கிப்பீடியாவிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோட்டி என்ற விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றொரு பெயரை இட்டுக்கட்டிச் சேர்த்தார். நாளிதழ்களிலும் அது ஏறியது. பிறகு அவையே அந்தப் பெயருக்குச் சான்றாகிவிட்டன.

ஆகவே சான்றின் தேதியை முதலில் பாருங்கள். பிறகு பக்க வரலாற்றைத் திறந்து, அந்தத் தகவல் நம்மிடம் என்றைக்கு ஏறியது என்று பாருங்கள். நம்முடையது முந்தி என்றால், எழுதியவர் இசைத்தட்டையோ பாடியவரையோ நேரில் பார்த்து எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். அப்படி எதுவும் தெரியவில்லையென்றால் அந்தச் சான்றை எடுத்துவிடுங்கள்.

தணிக்கை நாளை வெளியீட்டு நாளாகப் போடுவது

படம் தொடங்கும் முன் காட்டும் சான்றிதழில் உள்ள தேதி, தணிக்கை வாரியம் சான்று கொடுத்த நாள். அதன்பிறகு படம் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்திருக்கலாம். நீளத்துக்கும் ரீல் எண்ணிக்கைக்கும் அந்தச் சான்றிதழ் நல்ல ஆதாரம். வெளியீட்டுக்கு அன்றைய நாளிதழ் விளம்பரம் வேண்டும். 'இன்று முதல்' என்று தியேட்டர் பெயர்களோடு வந்திருக்கும்.

யூடியூப் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரம்

வேண்டாம்.

'அவரே பேட்டியில் சொன்னாரே'

பாடியவர் நாற்பது வருடம் கழித்துச் சொல்கிறார். ஒலிப்பதிவில் என்ன நடந்தது, எத்தனை டேக் போனது என்பதையெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு. அதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள். வருடத்துக்கு மட்டும் இன்னொரு ஆதாரம் தேடுங்கள்.

சுட்டியை மட்டும் ஒட்டுவது

தளம் மூடினால் சான்றும் போச்சு. இணையப் பக்கத்தை, பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் தளமான வேபேக் மெஷினில் சேமித்து அந்தச் சுட்டியையும் வையுங்கள். இதழென்றால் தேதி, பக்க எண். இசைத்தட்டென்றால் நிறுவனத்தின் பெயர், தட்டு எண், எந்தப் பக்கம். லேபிளும் டைட்டிலும் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

அந்த டூயட்டின் பேச்சுப் பக்கத்தில், அதாவது தொகுப்பவர்கள் கலந்து பேசும் பக்கத்தில், லேபிளின் படத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். பெயரை மாற்ற வருகிறவர்கள் முதலில் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.