பெரிய முதலெழுத்தும் பக்கவாட்டுப் படமும் மோதும்போது

ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளில், முதலெழுத்தைப் பெரிதாக்கும் லெட்ரின் (lettrine) தொகுப்பைப் போட்ட பத்தியிலேயே, படத்தைச் சுற்றி வரிகளை ஓடவிடும் ராப்ஃபிக் (wrapfig) தொகுப்பால் படத்தையும் வைத்தால், வரிகள் படத்தின் மேல் ஏறும், இல்லையென்றால் பெரிய எழுத்தைச் சுற்றி இடமே விடாமல் ஓடும். ஒரு பத்திக்கு ஒரே ஒரு வடிவம்தான் (ஒவ்வொரு வரியின் உள்தள்ளலும் நீளமும்) லேடெக்கின் அடிப்படையான டெக் (TeX) வைத்துக்கொள்ளும், இரண்டு தொகுப்புகளும் அதே வடிவத்தைத் தங்கள் கணக்குப்படி மாற்றப் பார்க்கின்றன, அதுதான் சிக்கல்.

முதலில் படத்தை அடுத்த பத்திக்குத் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும், பக்கமும் நன்றாகவே இருக்கும். முதல் பத்தி ஒரே வரிதான் என்றால் அடுத்த பத்தி எழுத்தின் மேல் ஏறிவிடும், அதையும் கவனியுங்கள்.

ஒரே பத்தியில்தான் வேண்டுமா? சரி, அப்போது இரண்டு தொகுப்பையும் அந்தப் பத்தியில் பயன்படுத்தாமல், பத்தியின் வடிவத்தை வரிவரியாகச் சொல்லும் பார்ஷேப் (\parshape) கட்டளையை நீங்களே எழுதுங்கள். வரி அகலம் 12 செ.மீ., எழுத்து 2 வரி உயரத்தில் 1 செ.மீ., வலப்பக்கப் படம் இடைவெளியோடு 4 செ.மீ., 6 வரி உயரம் என்றால், முதல் 2 வரிக்கு உள்தள்ளல் 1, நீளம் 7. அடுத்த 4 வரிக்கு 0, 8. ஏழாவது வரிக்கு 0, 12. கடைசியாகக் கொடுத்த அளவே மீதி வரிகளுக்கும் தொடரும். எழுத்தையும் படத்தையும் அகலம், உயரம் எதுவும் கணக்கில் வராத பெட்டிகளில் வைத்து அந்தக் காலியிடங்களுக்கு நகர்த்துங்கள். எழுத்துரு அளவோ வாசகமோ முடிவாகும் முன் இதைத் தொடாதீர்கள், மாறினால் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும்.